குதிரை வேலைக்கு முதலில் லாயம், அப்புறம் சான்றிதழ்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடித்த மகன் குதிரை வேலைதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், ஏஜென்ட் ஒருவர் துபாய் லாயத்தில் இடம் இருக்கிறது என்கிறார், அனுப்பலாமா என்று கீழக்கரையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இப்போது அனுப்ப வேண்டாம். அதற்காக அவனைத் திட்டவும் வேண்டாம். குதிரைவண்டிப் பந்தயம் நடக்கிற சீமையில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

தம்பியின் கனவு குதிரையேற்றம் கற்றுத்தரும் கோச் ஆவது. சரி, ஆகட்டும். ஆனால் நல்ல கோச் எல்லோரும் முதலில் லாயத்தில் சாணம் அள்ளியவர்கள்தான். விடியும் முன் எழுந்து தண்ணீர் வைப்பது, குளம்பைத் தூக்கிப் பிடித்துக் கொக்கியால் கல்லையும் மண்ணையும் எடுப்பது, சேணம் உராய்ந்து முதுகில் புண் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, இதெல்லாம் கைப்பழக்கத்தில் வருவது. ஓய்வாக நிற்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. நம் கரையோரத்தில் தீவனத்தை மணல்மேல் கொட்டினால் மணலும் சேர்ந்து உள்ளே போய்க் குடலில் தங்கிவிடும். தீனியை விட்டுவிட்டு, முன்காலால் தரையைப் பிறாண்டி, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பையனை எந்த லாயமும் விடாது.

மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்தபோது, அரபு நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் இறங்குவதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போவதையும் எழுதிவைத்தார். லாடம் அடிப்பவர்களை வியாபாரிகள் வரவிடுவதில்லை என்றும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும்!

பழக இடம் என்றால், பெங்களூரு அருகே எம்பஸி குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது. ஆரோவில் பகுதியிலும் உண்டு. ராணுவத்தில் குதிரை முதலிய விலங்குகளைப் பராமரிக்க ரிமவுண்ட் அண்ட் வெட்டரினரி கோர் என்று தனிப் பிரிவே இருக்கிறது, அதன் பயிற்சி மையம் மீரட்டில். அக்னிவீராகச் சேர்ந்தால் எந்தப் பிரிவு கிடைக்கும் என்பது மட்டும் நம் கையில் இல்லை. பயாலஜி படித்து மதிப்பெண்ணும் நன்றாக இருந்தால் கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பியுங்கள். ஐந்தரை ஆண்டு. மாநில ஒதுக்கீட்டில் நீட் கிடையாது, ஆனால் கட்-ஆஃப் அதிகம்.

சான்றிதழில் வெளிநாட்டு லாயங்கள் மதிப்பது பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் படிநிலைத் தேர்வுகளை. பராமரிப்பு, சவாரி, பயிற்றுவிப்பு எல்லாவற்றையும் குதிரையோடு நிற்கவைத்தே சோதிப்பார்கள். கோச்சுக்குச் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் நிலைகள் இருக்கின்றன. அதற்கு வழி இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பு. இரண்டு வாரத்தில் ஆன்லைனில் கோச் ஆக்குகிறோம் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

துபாய் விஷயம். ஏஜென்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் பாருங்கள். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் கட்டாயம் வேண்டாம். பத்தாம் வகுப்பு தேறியதால் தம்பியின் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி, அதாவது வேலை ஒப்பந்தத்தைப் பார்த்து அரசு தரும் அனுமதி, தேவைப்படாது. அப்படியென்றால் ஒப்பந்தத்தை அரசு தரப்பில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். சம்பளம், தங்குமிடம், விடுமுறை, விழுந்து அடிபட்டால் இன்சூரன்ஸ், எல்லாவற்றையும் நீங்கள்தான் வரிவரியாகப் படிக்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. பக்கத்தில் பந்தயக் குதிரை வளர்ப்பவர் யாரிடமாவது தம்பி ஒரு மாதம் சும்மா வேலை செய்யட்டும். குதிரைச் சாணமும் லாய மண்ணும் டெட்டனஸ் கிருமி இருக்கும் இடம்; தடுப்பூசி போட்டுவிட்டு அனுப்புங்கள். மாதம் முடிந்தும் ஆசை குறையாவிட்டால் அவனையே எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.