கலரில் பார்த்தது அந்தப் படம் அல்ல

கேள்வி: 1931-ல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தைக் கலர் ஏற்றிய பதிப்பில் பார்த்தோம். பச்சை முகத்தோடு மான்ஸ்டர் வந்து நின்றதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தக் காலத்து மேக்கப் அவ்வளவுதான் போலிருக்கிறது. ஆனாலும், இப்படிக் கலர் ஏற்றினால்தானே இந்தத் தலைமுறை பழைய படங்களைப் பார்க்கும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பிள்ளைகள் சிரித்ததில் தப்பே இல்லை. அவர்களுக்குக் காட்டியதுதான் தப்பு. கேமராவுக்கு முன்னால் மட்டும் இருக்க வேண்டிய பூச்சைத் திரைக்கே கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்.

பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து உருவாக்கிய அந்த மான்ஸ்டராக நடித்த போரிஸ் கார்லாஃபின் முகத்தில் மேக்கப்மேன் ஜாக் பியர்ஸ் பச்சையும் சாம்பலும் கலந்த களிம்பைப் பூசியது உண்மை. பச்சையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அல்ல. உயிருள்ள தோலுக்கு அடியில் எப்போதும் ஒரு சிவப்பு ஓடும். கன்னத்திலும் காதுமடலிலும் கூடும், குறையும். அந்தச் சிவப்பைப் பச்சை அடித்து அமுக்கிவிடும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் மிஞ்சுவது ரத்தம் வற்றிய ஒரே சீரான வெளுப்பு. பிண வெளுப்பு. அந்த வெளுப்புக்காகத்தான் அத்தனை பாடும்.

நெற்றி இன்னும் பெரிய வேலை. நுரை ரப்பரில் முகமூடி வார்க்கும் வழக்கம் அப்போது வரவில்லை. பஞ்சை ஒரு படலம் வைத்து, அதன்மேல் கொலோடியன் என்ற திரவத்தைத் தடவி, காய்ந்ததும் அடுத்த படலம். கொலோடியன் ஈதரில் கரைத்தது. நெடி கண்ணைக் கரிக்கும், காயும்போது தோலைச் சுருட்டி இழுக்கும், தீயும் எளிதில் பற்றும். (நாடகத்துக்கு மேக்கப் போடுபவர்கள் இதை அப்படியே செய்து பார்க்க வேண்டாம்.) ஒருநாள் கட்டிய நெற்றி மறுநாளுக்கு உதவாது. தினமும் சுமார் 4 மணி நேரம் புதிதாகக் கட்டினார்கள். கண்ணில் அறிவு அதிகம் தெரிகிறது என்று இமைமேல் மெழுகு வைத்துக் கனமாக்கினார்கள். கழற்றி மாட்டும் பல்செட்டைக் கார்லாஃப் எடுத்துவிட்டதால் ஒரு பக்கக் கன்னம் குழிவிழுந்தது. கழுத்தில் இருப்பதைத் திருகாணி என்கிறார்கள். அது மின்சாரம் பாய்ச்சுவதற்கான முனை.

அந்த உருவம் முதன்முதலில் வரும் இடத்தைக் கறுப்பு வெள்ளையில் மறுபடி பாருங்கள். முதுகைக் காட்டியபடி பின்பக்கமாக நடந்து உள்ளே வரும். மெதுவாகத் திரும்பும். கேமரா நகராது, மூன்று துண்டுகளாக வெட்டி வெட்டி முகத்தை நெருங்குவார் இயக்குநர் ஜேம்ஸ் வேல். இமையின் கீழே நிழல், குழிந்த கன்னத்தில் நிழல். வண்ணம் ஏறியதும் இந்த நிழல்கள்தான் முதலில் சாகின்றன.

இதைவிடத் தெளிவான சாட்சி அதே வருடக் கடைசியில் வந்த 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்'. நல்ல டாக்டர் ஒருவர் மருந்து குடித்துக் கொடியவனாக மாறும் கதை, அந்த வேடத்தில் நடித்த ஃப்ரெட்ரிக் மார்ச்சுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம். அவர் முகம் ஒரே ஷாட்டில், வெட்டே இல்லாமல் கறுத்து மாறும். ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ் செய்தது இவ்வளவுதான்: முகத்துக் கோடுகளைச் சிவப்பு மையால் வரையச் சொன்னார். சிவப்பு ஃபில்டர் வழியாகப் பார்த்தால் கோடும் தோலும் ஒரே வெளிச்சம், கோடு மறைந்துவிடும். எதிர் நிறத்து ஃபில்டருக்கு மெல்ல மாற்றினால் கோடுகள் கறுத்து எழும்பும். சிவப்பையும் பதிவு செய்யும் பான்க்ரோமாட்டிக் ஃபிலிம் வந்த பிறகுதான் இது நடந்தது. பழைய ஆர்த்தோக்ரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பே தெரியாது. அதில் கோடு முதலிலிருந்தே கறுப்பாக விழுந்திருக்கும். இயக்குநர் ரூபன் மாமூலியன் இந்த ரகசியத்தைப் பல வருடம் வெளியே விடவில்லை. ஃபில்டரால் நிழலைத்தான் மாற்ற முடியும். பல்லும் மூக்கும் மயிரும் மாற, ஷாட்டை வெட்டித்தான் ஆக வேண்டும். அதனால் முதல் சில நொடிகளை மட்டும் கவனியுங்கள், அங்கேதான் இந்த வித்தை இருக்கிறது. இதற்கு வண்ணம் ஏற்ற நினைப்பவர் அந்தச் சிவப்புக் கோட்டை என்ன நிறத்தில் காட்டுவார்? சிவப்பாகக் காட்டினால் வித்தையே போயிற்று.

பிள்ளைகளை வைத்தே இதைச் செய்து பார்க்கலாம். புறங்கையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் நாலு சுருக்கம் வரையுங்கள். செல்போன் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, லென்ஸ் முன்னால் சிவப்புக் கண்ணாடிப் பேப்பரைப் பிடியுங்கள், கோடு மங்கிவிடும். பேப்பர் மெல்லியதாக இருந்தால் இரண்டாக மடியுங்கள். பச்சைப் பேப்பருக்கு மாற்றினால் கோடு கறுக்கும். போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக் காரியத்தைக் கெடுக்கும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டிக்கொள்ளுங்கள். இதைச் செய்த பிள்ளைகளுக்கு மார்ச்சின் முகத்தைக் காட்டுங்கள். எப்படி எடுத்தார்கள் என்ற கேள்வியோடு உட்காருவார்கள். வண்ணத்தைவிட அந்தக் கேள்விதான் அவர்களைப் பிடித்து உட்கார வைக்கும்.

கலர் பதிப்பில் வண்ணத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் போதாதா என்றால், போதாது. கலர் ஏற்றும்போது பெரும்பாலும் ஃபிலிமில் மணல் தூவியதுபோலத் தெரியும் பொடிமணியையும் (கிரெய்ன்) சேர்த்துத் தேய்த்துவிடுகிறார்கள். கொலோடியன் சுருக்கங்கள் மெழுகுபோல வழவழப்பாகிவிடும். கறுப்பு வெள்ளைப் பிரதியையே தேடுங்கள். டிவியை 'சினிமா' மோடில் வையுங்கள், 'விவிட்' வேண்டாம். அசைவை வழவழப்பாக்கும் வசதியை நிறுத்துங்கள். படம் ஏறக்குறையச் சதுரமாகத்தான் இருக்கும். அகலத்துக்கு இழுக்காதீர்கள், இழுத்தால் அந்த நெற்றி சப்பையாகிவிடும். அறை விளக்கை அணையுங்கள்.

பிரதி முழுசா என்று பார்க்க ஏரிக்கரைக் காட்சிக்குப் போங்கள். சின்னப் பெண்ணும் அந்த உருவமும் பூக்களைத் தண்ணீரில் போட்டு மிதப்பதை ரசிப்பார்கள். பூ தீர்ந்ததும், இவளும் மிதப்பாள் என்று நம்பி அவளைத் தூக்கிப் போட்டுவிடும். தணிக்கை இதை வெட்டி, உருவம் கை நீட்டுவதோடு நிறுத்திவிட்டது. பிறகு அப்பா குழந்தையின் பிணத்தைச் சுமந்து ஊருக்குள் வரும்போது, பார்ப்பவர் மனசு நடந்ததைவிடக் கொடுமையான ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளும். 1980களில்தான் வெட்டிய துண்டு திரும்பச் சேர்ந்தது. நீங்கள் எடுத்த பிரதியில் கை நீட்டியதும் காட்சி தாவினால், அதை நிறுத்திவிட்டு வேறு பிரதி தேடுங்கள்.