புவியியல் எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, குடும்பத்துடன் இங்கிலாந்துக்குப் புறப்படவிருக்கும் நீங்கள், 14 வயது மகள் அங்கே பத்தாம் ஆண்டில் சேரும்போது புவியியலை விருப்பப் பாடமாக எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டு வாடகை, குளிர்ச்சட்டை பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாடகை இடத்துக்கு இடம் வேறுபடும். குளிர்ச்சட்டையை யாழ்ப்பாணத்தில் வாங்க வேண்டாம். பாடத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய உண்டு. விடுமுறைக்கு வந்து, உரும்பிராயில் அக்காவின் வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன்.

மகள் புவியியலை எடுக்கட்டும். கணிதமும் இரசாயனமும் தவிர்ந்த எல்லாவற்றையும் “சும்மா பாடம்” என்று ஒதுக்கும் எம்மவர் லண்டனில் நிறையப் பேர். பெறுபேறு வரும் நாளில் அடுத்தவரின் பிள்ளைக்கு என்ன வந்தது என்று அறியத் தொலைபேசி எடுப்பவர்களும் அவர்களே. அவர்களிடம் ஆலோசனை கேட்காதீர்கள்.

ஆனால் எங்கள் ஊர் வழக்கப்படி பாடமாக்கி எழுத விடாதீர்கள். 1992 இல் நானும் இவ்வாறே பத்தாம் ஆண்டில் போய் அமர்ந்தேன். ஆற்றுப் பள்ளத்தாக்கின் வடிவம் மலையிலிருந்து கடலை நோக்கி வர ஏன் மாறுகிறது என்பது முதற் சோதனையில் வந்த வினா. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைப் பார்த்து வளர்ந்த நான், மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர் என்று எழுதி, கண்ணை மூடிக்கொண்டும் வரையக்கூடிய இலங்கைப் படத்தைப் பக்கம் நிறைய வரைந்து கொடுத்தேன். பத்துக்கு மூன்று கிடைத்தது. “படம் அழகு. ஏன் என்பது எங்கே?” என்று ஆசிரியை ஓரத்தில் எழுதியிருந்தார். பல ஆண்டுகளின் பின், வார இறுதி ரியூசன் ஒன்றில் என் மகனுக்கும் ஆயத்த விடைகளையே கொடுத்தார்கள்; கேட்ட கேள்வி எதுவாயினும் அவன் நைஜீரியாவைப் பற்றியே எழுதிவிட்டு வந்தான். கட்டிய பணத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

அடுத்த வசந்தத்தில் வெளிக்கள ஆய்வுக்காக யோர்க்சயரிலுள்ள மல்ஹாமுக்கு அழைத்துச் சென்றார்கள். ஏறக்குறைய 80 மீற்றர் உயரமான சுண்ணாம்புக்கற் செங்குத்து. அதன் மேற்பரப்பு முழுவதும் கால் புதையும் வெடிப்புகள். எங்கோ நிலத்துக்குள் மறைந்த நீர் பாறையின் அடியில் ஓடையாக வெளிப்பட்டது. அந்தப் பாறை 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் எனும் பிற்பட்ட புவிக்காலத்தது, மிக இளையது. ஆனால் தொழிற்பாடு ஒன்றே: மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்னமிலமாகிக் கல்லை அரிக்க, தண்ணீர் மேலே ஓடாமல் உள்ளே இறங்கிவிடுகிறது. கீரிமலையில் கடலோரம் நன்னீர் ஊறுவதையும் நாங்கள் கிணறுகளை நம்பி வாழ்வதையும் திக்கித் திக்கிச் சொன்னேன். வகுப்பில் நான் வாய் திறந்த முதல் நாள் அது. (லண்டன் நீரும் சுண்ணத்தன்மை கூடியது, கேத்திலின் அடியில் படிந்த வெள்ளையைச் சுரண்டியபடி, “இதென்ன, ஊர்த் தண்ணியேதான்” என்பார் அம்மா.)

நாடுகளுக்கிடையிலான அபிவிருத்தி ஏற்றத்தாழ்வு பற்றிய பகுதியில் எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. வில்லி பிராண்ட் தலைமையிலான ஆணைக்குழுவின் 1980 ஆம் ஆண்டு அறிக்கை உலகப் படத்தில் இட்ட கோட்டைக் காட்டி, வளமான வடக்கு, வறிய தெற்கு என்று தொடங்கினார்கள். சிங்கப்பூரும் தென்கொரியாவும் அக்கோட்டின்படி தெற்கு. அவுஸ்திரேலியாவை வடக்கில் சேர்ப்பதற்காகக் கோடே வளைந்து இறங்குகிறது. பின்னர் மனித அபிவிருத்திச் சுட்டி வந்தது. பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக்கின் முயற்சியில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் 1990 இல் முதன்முதலாக வெளியிட்ட இந்தச் சுட்டி, வருமானத்துடன் ஆயுளையும் கல்வியையும் சேர்த்து அளப்பது. இலவசக் கல்வியாலும் இலவச மருத்துவத்தாலும் இலங்கை தன் வருமானத்தை மீறிய இடத்தில் நின்றது. அதே 1990 இல்தான் போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அளந்து விட்ட மண்ணெண்ணெயில் எரிந்த விளக்கில் நான் படித்தேன். பக்கத்து மேசைப் பையன், “உங்கள் ஊரில் மின்சாரம் உண்டா?” என்று கேட்டபோது, உண்டு என்று பொய் சொன்னேன். நாட்டின் சராசரிக்குள் ஒரு குடாநாடே மறைந்துபோகும் என்பதற்குக் கைவசம் இருந்த சான்றை வெட்கத்தில் விழுங்கிவிட்டேன். உங்கள் மகளுக்கு 2022 இன் மின்வெட்டும் எரிபொருள் வரிசையும் நினைவிருக்கும். கேட்டால் உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள்.

விமானம் ஏறுமுன் ஒரு நாள் புத்தூர்ப் பக்கம் போய் நிலாவரைக் கிணற்றைக் காட்டுங்கள். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் ஏன் கலக்காமல் நிற்கின்றன என்று அவளிடமே கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.