கார்களுக்கு மேலே ஒரு கூரை – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் டெட்ராய்ட்டில் இருக்கிறேன். இங்கே மிச்சிகன் தியேட்டர் என்ற பழைய அரங்கத்தைக் கார் நிறுத்துமிடம் ஆக்கியிருக்கிறார்கள். படங்கள் இணைத்துள்ளேன். இப்படி வைத்திருப்பதற்கு மொத்தமாக இடித்திருக்கலாமே? இந்த மாதிரி இடங்களை எடுக்க எந்தக் கேமரா நல்லது?

ர.

அன்புள்ள ர.,

கேமராவைக் கடைக்காரரிடம் கேளுங்கள். இடிக்கத்தான் பார்த்தார்கள். 1926இல் சுமார் 4,000 இருக்கைகளோடு திறக்கப்பட்ட அரங்கம் அது. எழுபதுகளில் கைவைக்கப் போனபோது, ஒட்டிக் கட்டிய அலுவலகக் கட்டடமும் ஆட்டம் காணும் என்று தெரிந்தது. அதனால் உள்ளே மட்டும் குடைந்து கார்களை விட்டார்கள். பாசமெல்லாம் இல்லை.

உங்கள் படங்கள் அழகாகவே இருக்கின்றன. என் எரிச்சலும் அதனால்தான். கீழே கார், மேலே உதிரும் சுதைவேலை. இதே கோணத்தை எத்தனை பேர் எடுத்துவிட்டார்கள்! மேடை எவ்வளவு அகலம், பால்கனி எங்கே தொடங்கியது, ஒன்றும் தெரிவதில்லை. இழவு வீட்டுக்குப் போய்ப் பிணத்தின் முகக்களையைப் புகழ்ந்துவிட்டு வருகிற வேலை இது.

கொஞ்ச நாளாக ரிச்சர்ட் நிக்கல் நினைவாகவே இருக்கிறேன். சிகாகோவில் ஆட்லர், சல்லிவன் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் கட்டியவற்றைத் தேடித்தேடிப் படமெடுத்தவர். அவர்களுடைய காரிக் தியேட்டரை இடிக்கப்போகிறார்கள் என்றதும் 1960இல் தட்டி பிடித்துத் தெருவில் நின்றார். தோற்றார். 1961இல் இடித்தார்கள், அங்கேயும் கார் நிறுத்துமிடம்தான். இடிக்க இடிக்க ஒவ்வொரு பகுதியையும் படமெடுத்தார், அலங்காரத் துண்டுகளைக் கழற்றிக் காப்பாற்றினார். 1972இல் அதே இருவர் கட்டிய பங்குச்சந்தைக் கட்டடத்தில் துண்டுகளை மீட்கும்போது, அது சரிந்து உள்ளேயே இறந்துபோனார். உடல் கிடைக்கவே வாரக்கணக்கானது.

பயந்துவிடாதீர்கள், உங்களை இடிபாட்டுக்குள் போகச் சொல்லவில்லை. ஆனால் அளவெடுக்கலாம் அல்லவா? 1933இல், பெருமந்தக் காலத்தில், வேலையிழந்த கட்டடக் கலைஞர்களைக் கொண்டு அமெரிக்க அரசு பழைய கட்டடங்களை அளந்து வரைய வைத்தது. அந்த வரைபடங்கள் இன்றும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன, இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கலைநயம் கிடையாது. கதவு எத்தனை அடி, படி எத்தனை அங்குலம், அவ்வளவுதான். கட்டடம் போனபிறகு அதை மனதில் திரும்பக் கட்ட அந்தக் கணக்கு வேண்டும். அழகான நிழல் போதாது.

காவலாளியிடம் அனுமதி கேட்டுவிட்டு ஓர் அளவுநாடாவோடு போங்கள். அடுத்த கடிதத்தில் படம் வேண்டாம். மேடை இருந்த இடம் எத்தனை அடி என்று எழுதுங்கள்.