பில் இல்லாத 14 பவுன் களவு போனால்...

கேள்வி: ஏற்காட்டில் உள்ள அண்ணன் வீட்டுக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தோம். சேலத்தில் எங்கள் வீட்டுப் பின்கதவை நெம்பி, பீரோவை உடைத்து 23 பவுன் நகையும் இரண்டு ஜோடி வெள்ளிக் கொலுசும் எடுத்துப் போய்விட்டார்கள். 9 பவுனுக்குத்தான் பில் இருக்கிறது. மீதி 14 பவுன் என் அம்மா போட்டது. பில் இல்லாததை எழுதினால் எடுபடாது என்று நினைத்துப் புகாரில் 9 பவுன் மட்டுமே எழுதினோம். மீதியைச் சொன்னால் இன்கம் டாக்ஸில் மாட்டுவோம் என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: சகோதரி, கணவரின் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். 23 பவுன் என்பது 184 கிராம். வருமான வரித்துறை சோதனைக்கு வந்தால்கூட, திருமணமான பெண்ணுக்கு 500 கிராம் வரையான தங்க நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1994-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. அம்மா போட்ட நகைக்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பில் இல்லாத நகையைப் புகாரில் எழுதக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பில் இருந்தால் நிரூபிப்பது சுலபம், அவ்வளவுதான். (பலர் பில் என்று பத்திரமாக வைத்திருப்பது ஜி.எஸ்.டி. எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டு. உங்களுடையது எது என்று பாருங்கள்.)

பதிவான எஃப்.ஐ.ஆரைத் திருத்த முடியாது. ஆனால் விசாரணை அதிகாரியிடம் கூடுதல் வாக்குமூலம் கொடுக்கலாம், பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 180-வது பிரிவில் அதற்கு இடம் உண்டு. விடுபட்ட நகைகளை ஒவ்வொன்றாக எழுதி, ஏன் முதலில் சொல்லவில்லை என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தள்ளிப்போட்டால், நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் “அன்றைக்கே ஏம்மா சொல்லவில்லை?” என்றுதான் ஆரம்பிப்பார். 14 பவுனை 20 ஆக்கிவிடவும் வேண்டாம். ஏற்றிச் சொன்னது தெரிந்தால் உண்மையாகப் போனதையும் நம்ப மாட்டார்கள்.

எதைக் காட்டுவது? பில்லைத் தேடி ஓய்ந்திருப்பீர்கள். அடகுச் சீட்டைத் தேடுங்கள். என்னிடம் வழக்குக் கொடுத்த கட்சிக்காரர் ஒருவருக்குக் கைகொடுத்தது, மகனின் காலேஜ் ஃபீஸுக்காக ஆரத்தை வைத்து மீட்ட பழைய நகைக்கடன் சீட்டு. ‘ஆரம் 1, மொத்த எடை 33.400, கல் நீக்கி 31.200’ என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். நகைக்குச் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் எடை போட்டு எழுதியது என்பதால் அதை அசைக்க முடியவில்லை. வெட்கப்பட்டுக் கிழித்துப் போடுகிற சீட்டு அது.

அடுத்தது கல்யாண ஆல்பம், வளைகாப்பு, காதுகுத்துப் படங்கள். நகை தெளிவாகத் தெரிகிற படத்தைத் தனியே பிரின்ட் போட்டு, உங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளத்தை எழுதுங்கள்: கல் உதிர்ந்த இடம், பற்றவைத்த தடம், மாற்றிய திருகாணி. கொலுசை விட்டுவிடாதீர்கள். நம் ஊர்க் கொலுசு ஒன்றைப்போல ஒன்று இருக்கும். டிசைன், சலங்கை எண்ணிக்கை, கொக்கியில் பட்டறை முத்திரை இருந்தால் அது, எல்லாம் வேண்டும்.

9 பவுனில் 2023 ஏப்ரலுக்குப் பின் கடையில் புதிதாக வாங்கியது இருந்தால், நகையிலேயே ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஹால்மார்க் அடையாள எண்) பொறித்திருப்பார்கள். பில்லில் அந்த எண் இருக்கிறதா பார்த்து, அதையும் ஸ்டேஷனில் கொடுங்கள்.

இனி வாங்குவதை லாக்கரில் வைக்கலாம். ஆனால் அங்கே களவு போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்குதான். வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். படமும் பட்டியலும் அங்கேயும் தேவை. ஒரு பிரதியை அண்ணன் வீட்டிலும் வையுங்கள்.

நகை பிடிபட்டதாகத் தகவல் வந்தால் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். படம் எடுத்து, பட்டியலிட்டு, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-ல் சொல்லிவிட்டது. உடனே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடுங்கள். நகை கைக்கு வரும்வரை அடகுச் சீட்டின் அசலை ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். ஸ்டேஷனுக்கு ஜெராக்ஸ் போதும், அசலைக் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.