துணை விமானி ஏன் பாதியில் மௌனமாகிறார்?

கேள்வி: வீட்டு விமான சிமுலேட்டரில் ஏர்பஸ் ஏ320 ஓட்டுகிறேன். துணை விமானியாகப் பேசும் ஆட்-ஆனில் (கூடுதல் மென்பொருள்) ‘ஹண்ட்ரட் நாட்ஸ்’ கேட்கிறது. ‘வி ஒன்’, ‘ரொட்டேட்’ கேட்பதில்லை. செக்லிஸ்டும் நடுவில் நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: 100 நாட் (வேக அலகு) மாறாத எண். வி1 (இதற்குமேல் டேக்-ஆஃபைக் கைவிடக் கூடாத வேகம்), விஆர் (‘ரொட்டேட்’, அதாவது மூக்கைத் தூக்கும் வேகம்) அப்படியல்ல. எடை, ஓடுபாதை, வெப்பநிலை, ஃபிளாப் நிலை என எது மாறினாலும் அவையும் மாறும். எம்சிடியூவில் (விமானக் கணினியின் திரையும் விசைப்பலகையும்) பெர்ஃப் பட்டனை அழுத்தி டேக்-ஆஃப் பக்கத்தைப் பாருங்கள். இடது ஓரம் ஆம்பர் நிறக் கட்டங்கள் காலியாக இருந்தால், துணை விமானிக்குச் சொல்ல எண்ணே கிடையாது. எண்களை நிரப்பிய பிறகு ஓடுபாதையை மாற்றினீர்களா? அப்படியானால் மறுபடி கணக்கிட்டு உள்ளிடுங்கள். பலர் தவறவிடும் இடம் இதுதான். சில ஆட்-ஆன்களில் அவற்றின் சொந்தப் பலகையிலும் இந்த வேகங்களைத் தனியே தர வேண்டும்.

செக்லிஸ்ட் நிற்பது பெரும்பாலும் மைக் சிக்கல். ஸ்பீக்கரில் வரும் துணை விமானியின் குரலையே உங்கள் பதிலாக மைக் எடுத்துக்கொள்ளும். ஹெட்செட் கட்டாயம், ஜாய்ஸ்டிக்கில் ஒரு பட்டனை ‘அழுத்திப் பேசு’ என ஒதுக்குங்கள். வெப்கேமரா செருகியதும் விண்டோஸ் அதன் மைக்குக்குத் தாவியிருக்கலாம், அதையும் பாருங்கள். பதில்கள் கையேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்: ‘பார்க்கிங் பிரேக்’ என்றால் ‘செட்’. ‘ஓகே’ என்றால் நகராது. சொல் சரியாக இருந்தும் நகரவில்லையா? சில ஆட்-ஆன்கள் சுவிட்சின் நிலையையும் சரிபார்க்கும். பிரேக்கை உண்மையிலேயே போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.