அமெரிக்கக் கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ராப்சன் புகழின் உச்சியில் ஏன் ஹாலிவுட்டை விட்டு விலகினார்?

சுருக்கமாகச் சொன்னால், தன் மக்களைக் கேவலப்படுத்தும் வேடங்களில் இனி நடிப்பதில்லை என்று முடிவெடுத்ததால்.

1898-ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். அப்பா அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து போதகரானவர். ராப்சன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். ஆனால் வெள்ளைக்கார ஸ்டெனோகிராபர் ஒருவர், கறுப்பர் சொல்வதை எழுத மாட்டேன் என்றதும் வக்கீல் வேலையையே உதறிவிட்டார். 1925-ல் கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோவின் மௌனப் படம் ஒன்றில் திரைக்கு வந்தார்.

அவரை மிகவும் காயப்படுத்தியது 1935-ல் வந்த 'சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்'. ஆப்பிரிக்கப் பண்பாட்டைப் பெருமையாகக் காட்டும் என நம்பி நடித்தார். வெளிவந்த படமோ பிரிட்டிஷ் காலனி ஆட்சிக்குத் துதி பாடியது. 1942-ல் 'டேல்ஸ் ஆஃப் மன்ஹாட்டன்' கறுப்பின விவசாயிகளை விவரமறியாத அப்பாவிகளாகச் சித்தரித்தபோது, படத்தை வெளிப்படையாகக் கண்டித்துவிட்டு சினிமாவை விட்டார். கையில் காசும் பேரும் இருந்தபோது எடுத்த முடிவு இது. எனக்கு அவர்மேல் மரியாதை கூடுவது இந்த இடத்தில்தான்.

அடுத்த ஆண்டே நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவாக நின்றார். இடதுசாரிக் கருத்துகளுக்காக 1950-ல் அமெரிக்க அரசு அவருடைய பாஸ்போர்ட்டை முடக்கியது. 1957-ல் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள் விழாவுக்கு அழைத்தார்கள். போக முடியாததால் நியூயார்க்கிலிருந்தே அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாகப் பாடினார். பாஸ்போர்ட் 1958-ல் திரும்பக் கிடைத்தது. 1976-ல் பிலடெல்பியாவில் காலமானார்.