அம்மாவிடம் கேட்டீர்களா?

ஐயா, வணக்கம்.

அம்மாவுக்கு இடது பாதத்தில் சர்க்கரைப் புண். தினமும் கட்டு மாற்றுவது தம்பிதான். அவன் மருத்துவமனையில் செவிலியர். ஒட்டிக்கொண்ட துணியை அவன் உரிக்கும்போது என் பாதம் கூசி, விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நேற்று, "உனக்கு ஈரமே கிடையாதா?" என்று கேட்டுவிட்டேன். பாராசிட்டமால் இரக்கத்தைக் குறைக்கும் என்று படித்தேன். முதுகுவலிக்கு அவன் அடிக்கடி அதைப் போடுவான். அதனாலா?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் படித்தது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். மாணவர்களில் ஒரு பாதிக்கு 1000 மில்லிகிராம் பாராசிட்டமால், மறுபாதிக்கு மருந்தே இல்லாத திரவம். ஒரு மணி நேரம் கழித்து, கத்தி எலும்புவரை வெட்டிய ஒருவனைப் பற்றியெல்லாம் படிக்கச் சொன்னார்கள். மருந்து குடித்தவர்கள் அவன் வலிக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். அவ்வளவுதான். மதிப்பெண்ணில் தெரிந்த சிறு வித்தியாசத்தை வைத்து உங்கள் தம்பியை எடைபோடாதீர்கள்.

இதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது வியன்னாவில் 2015இல் நடந்தது. வலி மாத்திரை என்று சொல்லி வெறும் மாத்திரையைக் கொடுத்தார்கள். நம்பி விழுங்கியவர்களுக்குத் தங்கள் வலியும் குறைந்தது, பிறர் வலிக்கு இரங்குவதும் குறைந்தது. அபின் போன்ற ரசாயனங்களை மூளை தானாகவே சுரக்கிறது. அவை வேலை செய்யவிடாமல் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் இரண்டு விளைவுகளும் மறைந்தன. தன் வலிக்கும் பிறர் வலிக்கும் பூட்டு வேறு வேறு அல்ல போலிருக்கிறது.

ஆனால் முழு வலியும் இடம் மாறுவதில்லை. 2004இல் மூளை ஆய்வாளர் டானியா சிங்கரின் குழு 16 தம்பதியரை வைத்துச் சோதித்தது. கணவர் கையில் மின்னதிர்ச்சி கொடுக்கப்படுவதை அறிந்தபோது, வலியின் வேதனையோடு தொடர்புள்ள பகுதிகள் மனைவியின் மூளையில் விழித்தன. எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று உணரும் பகுதி விழிக்கவில்லை. அதாவது, உங்கள் மூளை அம்மாவின் வலியைக் கடன் வாங்குவதில்லை. தன்னிடம் இருப்பதை எடுத்துப் போட்டுக்கொள்கிறது.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். தைவானில் 2007இல், ஊசி குத்தும் படங்களை அக்குபங்சர் மருத்துவர்களுக்குக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு விழித்த வேதனைப் பகுதிகள் அவர்களுக்கு அடங்கியிருந்தன; உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதிதான் வேலை செய்தது. தினமும் புண் கழுவுகிறவனுக்கும் அப்படித்தான் இருக்கும். கூசும் கையால் கட்டுப் பிரிக்க முடியுமா, சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் உங்கள் பாதம் இருக்கிறது, தம்பியின் முகம் இருக்கிறது. அம்மா என்ன சொன்னார் என்பது இல்லை. நாள்பட்ட சர்க்கரை நோயில் பாதத்து நரம்புகள் மரத்துப்போவது சாதாரணம். வலியே தெரியாமல்தான் பலருக்குப் புண் முற்றுகிறது. என் அப்பாவின் குதிகால் புண்ணை டாக்டர் சுரண்டியபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டு, "அவனுக்கு ஒரு நாற்காலி போடுங்கள்" என்றார்.